டான்சில் ஆபரேஷனும் காப்பீட்டு பாலிசியும்: கையெழுத்து போடும் முன் தெரிந்துகொள்வோம்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றி நாம் பல பாடங்கள் படித்திருக்கிறோம். இந்த இதழில் மருத்துவக் காப்பீடு பற்றிப் படிக்கப் போகிறோம். ஊக்குநர் அல்லது பிரதிநிதி இதைக் கூட்டத்தில் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டவும். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

நம் கூட்டமைப்பில் நடந்தது

ஆம்பூர் பக்கத்தில் உள்ள நம் குழு ஒன்றில் ஒரு சகோதரி இருக்கிறார். வீட்டில் இருந்தபடியே ஷூ அப்பர் தைக்கிறார். கணவர் தோல் மண்டியில் பச்சைத்தோல் ஏற்றி இறக்கும் கூலி. இருவருக்குமே ஈ.எஸ்.ஐ. கிடையாது. ஏழு வயதுப் பையனுக்கு மாதம் தவறாமல் தொண்டை வலி, காய்ச்சல். ராத்திரியில் குறட்டை விட்டு மூச்சுத் திணறி எழுந்து உட்காருவான். இரண்டு வருஷமாக டாக்டரிடம் காட்டி வந்தார்.

அப்போது தெருவுக்கு வந்த ஒரு ஏஜென்ட், "குடும்பத்துக்கே சேர்த்து ஒரு பாலிசி எடுங்கக்கா, எல்லாத்துக்கும் கவர் ஆகும்" என்றார். பையனுடைய தொண்டை பற்றி இவர் சொன்னபோது, "சின்னப் பசங்களுக்கு இதெல்லாம் சகஜம், அதை ஏன் எழுதணும்?" என்று ஃபாரத்தில் 'இல்லை' என்று டிக் போட்டுவிட்டார். இவர் கையெழுத்து போட்டார்.

எட்டாவது மாதம் பையனுக்கு தனியார் ஆஸ்பத்திரியில் டான்சில் ஆபரேஷன் ஆனது. கம்பெனியிலிருந்து பணம் வரவில்லை. இங்கிலீஷில் ஒரு கடிதம்தான் வந்தது. நம் உறுப்பினர் ஒருவரின் கல்லூரியில் படிக்கும் மகள் அதைப் படித்துச் சொன்னாள். மறுப்புக்கு இரண்டு காரணங்கள் எழுதியிருந்தார்கள். ஒன்று, டான்சில் ஆபரேஷனுக்கு 24 மாதம் காத்திருப்பு காலம் உண்டு. இரண்டு, பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோயைச் சொல்லவில்லை. சகோதரி கம்மலை அடகு வைத்தார், குழுவில் உள்கடன் வாங்கினார். பையன் இப்போது நன்றாக இருக்கிறான். கடன் மட்டும் தவணையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

"போட்ட காசும் போச்சு, மானமும் போச்சு" என்று கூட்டத்தில் அழுதார். நாங்கள் அந்தப் பாலிசிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். விதிப்படி கம்பெனி சொன்னது சரிதான். அந்த விதி அவருக்குத் தெரியாமல் போனதுதான் குறை. அவருக்கு மட்டுமா? நம்மில் யாருக்குமே தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

டான்சில் என்றால் என்ன?

வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்தால் தொண்டைக்கு இரு பக்கமும் இரண்டு சதை உருண்டைகள் தெரியும். அவைதான் டான்சில்கள். தமிழில் அடிநாச்சதை என்பார்கள். நடுவில் தொங்குவது உள்நாக்கு, அது வேறு. நம் ஊரில் இரண்டையும் சேர்த்து 'உள்நாக்கு வளர்ந்திருக்கு' என்று சொல்லிவிடுகிறோம். மூக்குக்குப் பின்னால் இதே போல் இருக்கும் சதைக்கு அடினாய்டு என்று பெயர்.

ஒன்றிரண்டு முறை தொண்டை வலி வந்தால் ஆபரேஷன் தேவையில்லை. ஒரே வருஷத்தில் 7 முறை, அல்லது வருஷத்துக்கு 5 முறை வீதம் 2 வருஷம், அல்லது வருஷத்துக்கு 3 முறை வீதம் 3 வருஷம் கடுமையான தொண்டை அழற்சி வந்தால் டாக்டர்கள் ஆபரேஷனை யோசிப்பார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலும் யோசிப்பார்கள். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்தை முழு நாளும் கொடுக்க வேண்டும். சில கிருமிகளால் வரும் தொண்டைப் புண்ணை அரைகுறையாக விட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இருதய வால்வையே கெடுக்கலாம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, முதல் இரண்டு வாரத்துக்குள் வாயில் ரத்தம் வந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முதலில் நம் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்

தனியார் பாலிசிக்குப் பணம் கட்டும் முன், பணம் கட்டாமலே நமக்கு உள்ள உரிமைகளைப் பார்க்க வேண்டும்.

*1. ஈ.எஸ்.ஐ.* ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஷூ கம்பெனிகளிலும் தோல் தொழிற்சாலைகளிலும் ரோலில் வேலை செய்யும் சகோதரிகளுக்கு இது உண்டு. 2017 ஜனவரியில் மாதச் சம்பள வரம்பு ரூ.21,000 ஆக்கப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். ரூ.12,000 சம்பளம் என்றால் நம்மிடம் பிடிப்பது ரூ.90, முதலாளி போடுவது ரூ.390. கணவர், பிள்ளைகளுக்கும் வைத்தியம் உண்டு. "ஏற்கனவே டான்சில் இருந்ததா?" என்று கேட்டு இங்கே யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வேலூரில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தும் கார்டு வாங்காமல் இருக்கிற சகோதரிகள் கம்பெனியில் கேட்டு உடனே வாங்குங்கள், பிள்ளைகள் பெயரும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

*2. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்.* 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அது இப்போதைய பெயரில் மாறியது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு வருஷம் ரூ.5 லட்சம் வரை என்று ஆனது. 2022 முதல் வருட வருமான வரம்பு ரூ.72,000-லிருந்து ரூ.1,20,000 ஆக உயர்ந்தது. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்ய வேண்டும். நாம் ஒரு ரூபாயும் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில்தான் செல்லும். ஆகவே அட்மிட் ஆகும் முன்பே அங்குள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் கேளுங்கள். கட்டணமில்லாத போன் 1800 425 3993.

*3. அரசு ஆஸ்பத்திரி.* அடுக்கம்பாறையில் 2005-ல் தொடங்கிய வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. டான்சில் ஆபரேஷன் பெரும்பாலும் நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன். கொஞ்சம் காத்திருக்க முடிந்தால் இங்கே இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

*4. ரூ.20, ரூ.436 பிடித்தம்.* பேங்கில் வருஷா வருஷம் இந்தத் தொகை பிடித்தால், "எனக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று சிலர் நினைக்கிறார்கள். ரூ.20 விபத்தில் இறந்தால் அல்லது ஊனமானால் கிடைக்கும் காப்பீடு. ரூ.436 இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் ஆயுள் காப்பீடு. இரண்டும் நல்லதுதான். ஆனால் ஆஸ்பத்திரி பில்லுக்கு இரண்டும் உதவாது.

நம் சகோதரிக்கு முதலமைச்சர் திட்டத்தில் சேரத் தகுதி இருந்தது. கார்டு எடுக்கவில்லை. இதுவும் நமக்குப் பாடம்.

தனியார் பாலிசியின் மூன்று பூட்டுகள்

பாலிசி எடுத்த அன்றே எல்லாக் கதவும் திறந்துவிடாது. மூன்று பூட்டுகள் உண்டு.

*முதல் பூட்டு, 30 நாள்.* பாலிசி தொடங்கி 30 நாளுக்குள் வரும் நோய்க்குப் பணம் கிடையாது. விபத்துக்கு மட்டும் உண்டு.

*இரண்டாம் பூட்டு, குறிப்பிட்ட ஆபரேஷன்கள்.* அவசரமில்லாமல் தள்ளிப் போடக்கூடிய ஆபரேஷன்களை ஒரு பட்டியலாகப் போட்டு, இவ்வளவு மாதம் கழித்துத்தான் பணம் என்பார்கள். 2020 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று வந்த 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசியில் இது 24 மாதம். டான்சில், அடினாய்டு, கர்ப்பப்பை எடுப்பது, ஹெர்னியா, மூலம், கண்புரை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மற்ற பாலிசிகளில் மாதக் கணக்கு மாறலாம். ஆனால் 36 மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024-ம் வருஷ விதி.

*மூன்றாம் பூட்டு, முன்பே இருந்த நோய்.* பாலிசி எடுக்கும் தேதிக்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டுபிடித்த நோய், வைத்தியம் பார்த்த நோய் எல்லாம் இதில் வரும். இதற்கும் அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் பூட்டும் மூன்றாம் பூட்டும் ஒரே நோய்க்கு விழுந்தால், எது நீளமோ அதுதான் கணக்கு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 ஜூன் 10-ல் பாலிசி தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை பையனுக்குத் தொண்டைப் பிரச்சினையே இல்லை என்றால் டான்சில் ஆபரேஷனுக்கு 2026 ஜூன் 10 முதல் வழி உண்டு. முன்பே வைத்தியம் பார்த்திருந்து, பாலிசியில் அதற்கு 36 மாதம் என்று போட்டிருந்தால் 2027 ஜூன் 10 வரை காத்திருக்க வேண்டும். டாக்டர் ஆபரேஷன் என்று சொன்ன பிறகு ஓடிப்போய்ப் பாலிசி எடுத்தால் பலன் இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

ஏற்கனவே டான்சில் எடுத்தவர்களுக்கு

கூட்டத்தில் பல சகோதரிகள் கேட்ட கேள்விகள் இவை.

*"எனக்குச் சின்ன வயசிலேயே எடுத்துட்டாங்க. இனிமே பாலிசி தர மாட்டாங்களா?"*
தருவார்கள். ஆபரேஷன் முடிந்து ஆறிப்போன டான்சிலை கம்பெனிகள் பொதுவாகப் பெரிய குறையாகப் பார்ப்பதில்லை. சர்க்கரை, இருதய நோய் போல இது தொடர்ந்து இருக்கும் நோய் அல்ல.

*"அப்போ ஃபாரத்துல எழுதணுமா?"*
ஃபாரத்தில் என்ன கேட்டிருக்கிறதோ அதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "இதற்கு முன் ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா?" என்று இருந்தால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் 'ஆம்' என்று எழுதி, வருஷத்தையும் ஆஸ்பத்திரியையும் குறிப்பிடுங்கள். கடைசி 3 அல்லது 5 வருஷம் என்று கேட்டால் அந்தக் காலத்துக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் ஜெராக்ஸ் இணையுங்கள். சொன்னால் பெரும்பாலும் ஒரு வரிக் குறிப்போடு போய்விடும். மறைத்தால் நாளைக்கு வேறு பெரிய நோய்க்குக் கிளெய்ம் போடும்போது, "இவர் உண்மையை மறைத்தவர்" என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

*"ஏன் எடுத்தாங்கன்னு கேப்பாங்களா?"*
கேட்கலாம். தொண்டை அழற்சிக்காக எடுத்ததா, தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்காகவா, சந்தேகப்படும்படி கட்டி இருந்து எடுத்ததா என்பதைப் பொறுத்து கம்பெனியின் முடிவு மாறும். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.

*"பாலிசியில டான்சிலுக்குப் பணம் வாங்கிட்டா அடுத்த வருஷம் பிரீமியத்தை ஏத்திடுவாங்களா?"*
நீங்கள் ஒருவர் கிளெய்ம் போட்டீர்கள் என்பதற்காக உங்களுக்கு மட்டும் பிரீமியத்தை உயர்த்தவோ, புதுப்பிக்க மறுக்கவோ கூடாது. ஆனால் கிளெய்ம் இல்லாத வருஷத்துக்குச் சேர்ந்த போனஸ் குறையலாம். வயது கூடும்போதும், எல்லோருக்கும் விலை மாறும்போதும் பிரீமியம் உயரும்.

*"மறைச்சு எழுதினது எப்பவுமே நம்மளைத் துரத்துமா?"*
இடைவிடாமல் 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், 'முன்பு சொல்லவில்லை' என்ற காரணத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டும் மறுக்கலாம். 2024-க்கு முன் இது 8 வருஷமாக இருந்தது. ஆனால் இதை நம்பி மறைக்க வேண்டாம். அந்த ஐந்து வருஷத்துக்குள் நோய் வராது என்று யார் சொல்ல முடியும்?

ஆபரேஷன் நேரத்தில் செய்ய வேண்டியவை

பாலிசி பழகிவிட்டது, பூட்டு எல்லாம் திறந்துவிட்டது என்றாலும் சில விஷயங்கள் கவனிக்க வேண்டும்.

- நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். அவசரம் என்றால் சேர்த்த 24 மணி நேரத்துக்குள்.
- கம்பெனியின் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி என்றால் கையிலிருந்து பணம் கட்டாமல் பார்க்கலாம். அனுமதி கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், டிஸ்சார்ஜ் நேரத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 மே மாதச் சுற்றறிக்கை சொல்கிறது.
- ரூம் வாடகை வரம்பைப் பாருங்கள். ஆரோக்கிய சஞ்சீவனியில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகம் போனால் நாளுக்கு ரூ.5,000. ஒரு லட்சம் பாலிசிக்கு நாளுக்கு ரூ.2,000-தான். அதைவிடப் பெரிய ரூம் எடுத்தால் மற்ற செலவிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.
- அதே பாலிசியில் 5 சதவீதம் நம் பங்கு. ரூ.40,000 பில் ஏற்றுக்கொண்டால் ரூ.2,000 நாம் கட்ட வேண்டும்.
- சேரும் முன் 30 நாள், வந்த பின் 60 நாள் ஆன டெஸ்ட், மருந்துச் செலவும் அதில் கேட்கலாம். பில்லை அடுப்பங்கரையில் போட்டுவிடாமல் ஒரு கவரில் சேர்த்து வையுங்கள்.
- டாக்டரிடம் நோயின் வரலாற்றை உள்ளபடி சொல்லுங்கள். இன்சூரன்சுக்காக வைத்தியத்தில் பொய் சொல்வது பிள்ளையின் உயிரோடு விளையாடுவது.

கிளெய்ம் மறுத்தால்

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்த விதியின்படி மறுத்தார்கள் என்று அதில் இருக்க வேண்டும். தவறு என்று தோன்றினால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆணையத்தின் புகார் போன் எண் 155255.

புதுப் பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்து, சிறு பிடித்தம் போக மீதிப் பணத்தை வாங்கலாம். அந்த 30 நாளை வீணாக்காதீர்கள்.

அந்தச் சகோதரி என்ன செய்தார்?

பாலிசியையே விட்டுவிடப் போவதாகச் சொன்னார். இரண்டு கூட்டம் உட்கார்ந்து பேசினோம். விட்டால், ஓடிய ஒரு வருஷக் காத்திருப்பும் வீணாகும். மறுபடி எடுத்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும். கணவர் மூட்டை தூக்குகிறவர். நாளைக்கு ஹெர்னியா வந்தால் அதற்கும் அதே 24 மாதப் பூட்டுதான். பாதி தூரம் வந்தாயிற்று. ஆனால் கம்மல் அடகில் இருக்கும்போது பிரீமியம் கட்டுவதும் சுமைதான். "கட்டு" என்றோ "விடு" என்றோ நாங்கள் சொல்லவில்லை. கணக்கை மட்டும் போட்டுக் காட்டினோம்.

முதல் வேலையாக வருமானச் சான்று வாங்கி முதலமைச்சர் திட்டக் கார்டு எடுத்தார். பிறகு பாலிசியையும் கெடு தேதிக்குள் புதுப்பித்தார். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை என்று ஆனதும் கொஞ்சம் கை கொடுத்தது. கூடவே, பையனின் ஆபரேஷன் விவரத்தையும் தன் கையாலேயே எழுதிக் கம்பெனிக்குக் கொடுத்தார். "இந்தத் தடவை நானே படிச்சுப் பாத்துதான் கையெழுத்து போட்டேன்" என்று கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் கை தட்டினோம்.

நம் குழுவில் செய்வோம்

1. குழுவில் ஒரு 'காப்பீட்டு நோட்டு' போடுவோம். உறுப்பினர் பெயர், ஈ.எஸ்.ஐ. உண்டா, முதலமைச்சர் திட்டக் கார்டு உண்டா, தனியார் பாலிசி உண்டா, தொடங்கிய தேதி, புதுப்பிக்கும் தேதி எல்லாம் அதில் எழுதுவோம்.
2. புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கூட்டத்தில் ஞாபகப்படுத்துவோம். தேவைப்பட்டால் பிரீமியத்துக்கும் உள்கடன் கொடுக்கத் தீர்மானம் போடுவோம்.
3. எந்த உறுப்பினரும் நிரப்பாத ஃபாரத்தில் கையெழுத்து போடக் கூடாது. ஏஜென்ட் எழுதினாலும், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து.
4. வீட்டில் அப்பர் தைக்கும் சகோதரிகளின் பெயர்ப் பட்டியலைத் தனியாக எடுப்போம். ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் இவர்கள்தான். முதலமைச்சர் திட்டத்தில் சேர்க்க முதலில் இவர்களை அழைத்துப் போவோம்.

கலந்து பேசுங்கள்

- நம் குழுவில் எத்தனை பேர் வீட்டில் டான்சில் அல்லது வேறு ஆபரேஷன் ஆகியிருக்கிறது? காகிதங்கள் பத்திரமாக இருக்கின்றனவா?
- கடந்த ஒரு வருஷத்தில் வைத்தியத்துக்காகக் கொடுத்த உள்கடன் எவ்வளவு? அதில் எவ்வளவு ஈ.எஸ்.ஐ. அல்லது அரசுத் திட்டத்தில் தவிர்த்திருக்கலாம்?
- மூன்று பூட்டுகள் எவை? பாலிசி வைத்திருக்கும் உறுப்பினர் தன் பாலிசியில் எந்தப் பூட்டு எப்போது திறக்கிறது என்று சொல்லட்டும்.

சகோதரிகளே, பாஸ்புக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் மேனேஜரைக் கேட்கப் பழகிவிட்டோம். பாலிசிப் புத்தகத்தையும் அப்படியே கேட்டுப் படிக்கப் பழகுவோம். உங்கள் குழுவில் பேசியதை எழுதி அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.